பின்னோக்கிப் பறக்கும் அட்சதை

வேங்கிக்கால் வீட்டுக் கூடத்தில், டிவிக்குள் அட்சதை பின்னோக்கிப் பறந்து கைகளுக்குள் திரும்புகிறது. நாதஸ்வரம் காற்றை உள்ளிழுப்பதுபோல் முனகுகிறது. கல்யாண வீடியோ எடுத்த அறிவுமதி மெய்ம்மறந்து நிற்கிறான். முன்பு ஊர் லாட்ஜில் தங்கியிருந்த வெள்ளைக்காரர் ஒருவர் அவனுக்குத் தந்த சிடியில், ஒரு சின்ன இசைக் கம்பெனியின் பாட்டு வீடியோக்கள் இப்படித்தான் எல்லாவற்றையும் பின்னால் ஓடவிட்டு உலகத்தையே புதுசாக்கின. அன்றிலிருந்து அவன் அந்தக் கம்பெனிக்கு அடிமை; இந்தக் கல்யாணத்தையும் அதே பாணியில் பின்னால் ஓடவிட்டிருக்கிறான். திரையில் மாப்பிள்ளையின் விரல்கள் தாலியின் மூன்று முடிச்சையும் ஒவ்வொன்றாக அவிழ்க்கின்றன. “அடப்பாவி, எம் பொண்ணு தாலிய அவுக்கறியேடா!” ரேணுகாம்பாள் அலறுகிறாள். “நிறுத்துடா அந்தக் கருமத்த!” என்று கத்திக்கொண்டே அவள் புருஷன் அப்பாசாமி செருப்பைத் தேடுகிறார். கூடத்துப் பெண்கள் அத்தனை பேரின் கைகளும் ஒரே நேரத்தில் தத்தம் தாலிக்குப் போகின்றன. கேமராவை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்தோமே என்று அறிவுமதிக்கு வயிறு எரிகிறது.