படம் படுமோசம், புத்தகம் பிரமாதம்

"கட்டின புருஷன் காலை உடைச்சுக்கிட்டுக் கிடக்கான், இவளுக்கு சினிமா கேக்குதா?"

தம்பியின் வீட்டுக்குள் நுழைந்து பெட்டியைக்கூடக் கீழே வைக்கவில்லை, அக்கா ஆரம்பித்துவிட்டாள். தம்பி பொண்டாட்டி மேட்னி ஷோவுக்குப் போயிருக்கிறாள் என்று கேட்டதும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

தம்பி எலக்ட்ரீஷியன். ஏணியிலிருந்து விழுந்ததில் தொடை முதல் பாதம் வரை மாவுக்கட்டு. எந்தப் படம் வந்தாலும் முதல் ஷோவில் விசிலடிக்கிற ஆசாமி, இப்போது கட்டிலில் மல்லாந்து கிடந்தான். மார்பின்மேல் செங்கல் கனத்துக்கு ஒரு நாவல்.

"நான்தான் போகச் சொன்னேன், அக்கா. வாராவாரம் போவா."

"நீ சொல்லுவே! அவளுக்குப் புத்தி எங்கே போச்சு?"

அக்காவுக்கு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. ரத்தத்தில் என்ன இருக்கிறதோ அதை அப்படியே எழுதித் தர வேண்டும். வீட்டிலும் அவளுக்கு அதே பழக்கம்தான். அவள் வந்தாலே சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு வேலை இருப்பதுபோல் எழுந்து போய்விடுவார்கள்.

சாயங்காலம் தம்பி பொண்டாட்டி வந்தாள். "வாங்க அண்ணி!" என்று சொல்லி முடிப்பதற்குள் தம்பி கேட்டான்.

"படம் எப்படி?"

"படமா அது? ஹீரோ ரெண்டு மணி நேரம் ஓடறான். எதுக்கு ஓடறான்னு அவனுக்கும் தெரியலை, டைரக்டருக்கும் தெரியலை. எனக்குத்தான் கால் வலி!"

தம்பி குலுங்கிச் சிரித்தான்.

"போன வாரம் பார்த்தது?" அக்கா அதிகாரமாகக் கேட்டாள்.

"அது பேய்ப் படம் அண்ணி. கதையைக் கேட்டுப் பேயே பயந்திருக்கும் போல. இன்டர்வெல்லுக்கு அப்புறம் ஆளையே காணோம்."

பிறகு புருஷன் பக்கம் திரும்பினாள். லைப்ரரியில் தேடித் தேடி எடுத்து வந்து அவனுக்குக் கொடுத்ததெல்லாம் அவளே உருகி உருகிப் படித்த நாவல்கள்.

"புத்தகம் எப்படி இருக்குங்க?"

"பிரமாதம்! கீழே வைக்க மனசே வரலை."

அவள் முகத்தைப் பார்க்கணுமே!

அடுத்த வாரம் அக்காவும் கூடவே கிளம்பினாள். இவ்வளவு மட்டமான படங்களை விழுந்தடித்துக்கொண்டு போய்ப் பார்க்கிறாள் என்றால் விஷயம் என்னவென்று பார்த்துவிட வேண்டும்.

விஷயம் தியேட்டரிலேயே தெரிந்துவிட்டது. காமெடி வந்தபோது தம்பி பொண்டாட்டி முன்சீட்டை உதைத்துச் சிரித்தாள். கடைசிக் காட்சியில் அக்கா கையைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள். அக்காவே ரெண்டு முறை மூக்கைச் சிந்தினாள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

"இன்னொரு தடவை பார்க்கணும் அண்ணி!" என்றாள் வெளியே வரும்போது.

வீட்டுப் படி ஏறியதும் வழக்கமான கேள்வி வந்தது. வழக்கமான பதிலும் வந்தது.

"அதை ஏன் கேக்கறீங்க! ஒருத்தர் முகத்திலயும் உயிர் இல்லை. தியேட்டர்லயே சுறுசுறுப்பா இருந்தது மூட்டைப்பூச்சி மட்டும்தான்."

அக்காவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவளைத் தரதரவென்று சமையலறைக்கு இழுத்துப் போனாள்.

"ஏன்டி, இப்படியா வாய் கூசாமப் புளுகுவே?"

"மெதுவா அண்ணி! முதல் வாரம் ஒரு படத்தை நல்லாருக்குன்னு சொல்லித் தொலைச்சேன். அன்னிக்குப் பூரா சுவரையே பார்த்துக்கிட்டுக் கிடந்தார், ஒரு வாய் சாப்பிடலை. சரி, போக வேண்டாம்னு இருந்தா, 'என்னால நீயும் அடைஞ்சு கிடக்கறியே'ன்னு அதுக்கும் கலங்கறார். அதான் போயிட்டு வந்து கிழிகிழின்னு கிழிக்கறேன். சிரிச்சுக்கிட்டே நல்லா சாப்பிடறார்."

தம்பி பொண்டாட்டி குரலை இன்னும் தாழ்த்தினாள்.

"உங்ககிட்டயும் கேப்பார் அண்ணி. நீங்க உண்மையைச் சொல்லிட்டீங்கன்னா அவ்வளவுதான், மனுஷன் உடைஞ்சுடுவார்."

சொல்லி வைத்த மாதிரி, அக்கா அறைக்குள் போனதும் தம்பி அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

"அக்கா, நீ பொய் சொல்ல மாட்டே. படம் எப்படி?"

அக்கா புடவைத் தலைப்பைச் சரிசெய்தாள். ஜன்னலைப் பார்த்தாள். மின்விசிறியைப் பார்த்தாள்.

"கண்றாவி! நான் பாதியிலேயே தூங்கிட்டேன்."

தம்பி அவள் சிவந்த கண்களையும் வீங்கிய மூக்கையும் பார்த்தான். தலையணையில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான்.

"நீயே பொய் சொல்றேன்னா படம் சூப்பர் போல!"

"அடப்பாவி, உனக்குத் தெரியுமா?"

"திட்டு திட்டுன்னு திட்டிட்டு, பாத்திரம் தேய்க்கும்போது அதே படத்துப் பாட்டைத்தானே முணுமுணுக்கறா? எனக்காகத்தான் திட்டறான்னு தெரியும்க்கா. காட்டிக்கிட்டா நிறுத்திடுவாளே! படத்தைவிட அவ திட்டறதுதான் நல்லாருக்கு."

அப்போது சமையலறையிலிருந்து குரல் வந்தது. "என்னங்க, புத்தகம் முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது! கடைசி அத்தியாயத்துல அழுதுட்டேன்!" என்று கத்தினான் தம்பி.

அக்கா அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"மூணாவது பக்கம் தாண்டலைக்கா," என்றான் கிசுகிசுப்பாக. "அதுக்குள்ள கொட்டாவி வந்துடுது. அவ ஆசையாக் கொண்டுவர்றாளே, எப்படிச் சொல்றது? நீ போட்டுக் கொடுத்துடாதே."

"நிஜமாவா அழுதீங்க?" சமையலறைக் குரலில் லேசான சந்தேகம்.

தம்பி கையெடுத்துக் கும்பிட்டான்.

உள்ளதை உள்ளபடி சொல்கிற அக்கா தொண்டையைச் செருமிக்கொண்டு, வீடே கேட்கும்படி குரல் கொடுத்தாள்:

"ஆமாம்மா! தலையணையெல்லாம் ஈரம், நானே தொட்டுப் பார்த்தேன்!"