பெரகல வளைவில் இன்டர்வியூ

தன் ஆட்டோவின் ரெக்சின் திரையை ஸாஹிர் இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றார். விட்டால் காற்று பிய்த்துக்கொண்டு போய்விடும்.

உள்ளே, மடியில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு சிவசக்தி இங்கிலீஷில் பேசிக்கொண்டிருந்தாள். மேலே கோட், கீழே ரப்பர் செருப்பு.

கொழும்பிலிருந்து லீவுக்குக் கொஸ்லந்தவுக்கு வந்தவள். காலையில் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டில் கரண்ட் போய்விட்டது, கூடவே சிக்னலும். பத்து மணிக்கு இன்டர்வியூ இருக்கிறது, சிக்னல் கிடைக்கிற இடத்துக்கு விடுங்கள் என்று ஸாஹிரை அண்ணன் முறையில் 'நானா' போட்டுக் கூப்பிட்டு ஓடி வந்து ஏறினாள். பெரகல சந்திக்கு மேலே இந்த வளைவில்தான் நாலு கோடும் காட்டியது.

வழியில் என்ன வேலை என்று ஸாஹிர் கேட்டார். கடலுக்குள் காற்றாலை நடுகிற கம்பெனிகளுக்கு ஆலோசனை சொல்கிற வேலை என்றாள். எங்கே காற்று நிற்காமல் அடிக்கும், எந்தத் துறைமுகத்தில் அந்தப் பெரிய இறக்கைகளை இறக்கலாம், மீன்பிடிக்கிறவர்களிடம் எப்படிப் பேசுவது, எல்லாம்.

காற்றுக்காகக் கடல்வரைக்கும் போக வேண்டுமா, இங்கே அடிப்பது போதாதா என்று கேட்க நினைத்தார். இன்டர்வியூவுக்குப் போகிற பிள்ளையைக் குழப்பக் கூடாது என்று விட்டுவிட்டார். ஏற்கெனவே அவள் கோட்டின் பொத்தானைப் போடுவதும் கழற்றுவதுமாக இருந்தாள்.

அதனால் ரோட்டை அவர் பொறுப்பெடுத்தார். மரக்கறி லொறிக்காரனை ஹோர்ன் அடிக்கவிடாமல் கண்ணாலேயே மிரட்டினார். அவித்த சோளம் விற்கிறவன் கூவ வாயைத் திறந்தான். திறந்தபடியே நிற்க வைத்தார். ஹயருக்கு ஆட்டோ கேட்டு வந்த இரண்டு பேரைத் திருப்பி அனுப்பினார்.

திரையிடுக்கில் லேப்டாப் தெரிந்தது. நரைத்த தலை, டை கட்டிய ஆள். அவர்தான் விடாமல் பேசினார். சிவசக்தி ஒரு வரி சொல்வாள், நிறுத்திக்கொள்வாள்.

இப்படி வாயை மூடிக்கொண்டிருந்தால் யார் வேலை கொடுப்பார்கள்? வேலை கிடைக்க வேண்டுமென்று ஸாஹிர் மெதுவாக துஆ ஓதத் தொடங்கினார்.

நாற்பது நிமிஷம் கழித்து அவள் லேப்டாப்பை மூடினாள். நெற்றியை முன் சீட்டில் சாய்த்துக்கொண்டாள்.

"கெடச்சிச்சா தங்கச்சி?"

"கெடச்சிருச்சு நானா. அவருக்கு."

ஸாஹிருக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. வேலை கேட்டு வந்தவர் டை கட்டிய ஆள். ஆள் எடுப்பவள் இவள்.

பதினொரு வருஷத்துக்கு முன்னால் மேசை மாறியிருந்ததாம். அன்று அவர்தான் கேள்வி கேட்டார். விலாசத்தைப் பார்த்துவிட்டு, தோட்டத்துப் பிள்ளைக்குக் கடலில் என்ன வேலை என்று சிரித்து, வந்த பஸ்ஸிலேயே திருப்பி அனுப்பிவிட்டாராம்.

ஸாஹிர் திரையை விட்டுவிட்டார். அது படபடவென்று அடித்துக்கொண்டது.

"அந்தாளுக்கா நான் இவ்வளவு நேரம் துஆ கேட்டேன்? ஏன் குடுத்தீங்க?"

"கடலடியில தூண் நாட்டுற வேலை அவர மாதிரி யாருக்கும் தெரியாது நானா. குடுக்கக்கூடாதுன்னுதான் நெனச்சேன். முடியல."

"ஒங்கள ஞாபகம் இரிக்கா அவருக்கு?"

"இல்ல." காலையிலிருந்து முதல்தடவையாக அவள் சிரித்தாள். "திங்கக்கிழமையிலேருந்து எனக்குக் கீழதானே. மெதுவா சொல்லிக்கிறேன்."