கத்தரி மேடம்

"இந்தத் தடவையும் வெளிநாட்டு மாற்றல் இல்லையா? என் வீட்டுக்காரர் உங்களுக்கு என்ன துரோகம் பண்ணினார்?"

கணக்காளரின் மனைவி போட்ட சத்தத்தில் அந்தத் தளமே வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தது. கணக்காளரோ பக்கத்தில் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றார்.

மனிதவளத் துறை மேலாளர் அசரவில்லை. "நான் என்னம்மா பண்ண முடியும்? அந்த நாட்டுக் கிளையில வேற ஆளைக் கேட்டுட்டாங்க."

"போன வருஷமும் இதே பாட்டுதான் பாடினீங்க. சொந்தக்காரங்க எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிருக்கேன். இனி எந்த முகத்தை வச்சுக்கிட்டு அவங்க வீட்டு விசேஷத்துக்குப் போவேன்? உங்களுக்கெல்லாம் மனசுன்னு ஒண்ணு இருக்கா?"

இருக்கிறதா என்று அலுவலகத்துக்கே சந்தேகம்தான். வெளிநாட்டு மாற்றல் என்று யார் வந்து நின்றாலும் வெட்டிவிடுவார் என்று அவருக்குக் கத்தரி மேடம் என்றே பெயர்.

அதே அறையில் எதிர் மேசைக்காரரான உதவி மேலாளருக்கு ரத்தம் கொதித்தது. வேறொரு நாட்டுக் கிளையிலிருந்து மாற்றலாகி அப்போதுதான் வந்திருந்தார். அதற்குள் நீதிபதி என்று அவருக்கும் பட்டம் கட்டியாகிவிட்டது. காப்பி இயந்திரத்தின் முன்னால் யார் முதலில் வந்தது என்ற வழக்கில்கூடத் தீர்ப்பு சொல்லாமல் நகர மாட்டார்.

அவர் கொதித்ததில் நியாயம் இருந்தது. முந்தின நாள் வீடியோ கூட்டத்தில் அவரும் இருந்தார். அந்த நாட்டுக் கிளைக்காரர்கள் காலில் விழாத குறையாகக் கேட்டது இதே கணக்காளரைத்தான். "அவரை விட முடியாது" என்று சொல்லிவிட்டு மைக்கை அணைத்தது இந்த மேடம்தான்.

கணவனும் மனைவியும் கிளம்பிப் போனதும் உதவி மேலாளர் ஆரம்பித்தார்.

"பொய் சொல்லிட்டீங்களே மேடம்."

"ஆமா சார்."

"கூசாம ஆமாங்கறீங்க. ஒரு குடும்பத்தோட முன்னேற்றத்துல விளையாடறீங்க. நான் தலைமை அலுவலகத்துக்கு எழுதத்தான் போறேன்."

"எழுதுங்க சார்," என்று மேடம் தன் வேலையைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார்.

அந்த அலட்சியம் இன்னும் எரிச்சலைக் கிளப்பியது. உதவி மேலாளர் மடிக்கணினியைத் திறந்து, அது என்னவோ மேடம் கட்சி என்பதுபோலத் தட்டித் தள்ள ஆரம்பித்தார்.

கதவு லேசாகத் திறந்தது. கணக்காளர் தலையை மட்டும் நீட்டினார்.

"கீழ அவளை நிக்க வச்சுட்டு, குடையை மறந்துட்டேன்னு சொல்லிட்டு ஓடி வந்தேன் மேடம்." உதவி மேலாளரைப் பார்த்ததும் தயங்கினார்.

"சார் நம்ம துறைதான். வெளிய போகாது, சொல்லுங்க."

"ரொம்ப நன்றி மேடம். நான் கேட்டுக்கிட்டபடியே முடியாதுன்னுட்டீங்க. உங்களுக்குத்தான் வீண் திட்டு."

தட்டிக்கொண்டிருந்த விரல்கள் நின்றன. "நீங்களா வேண்டாம்னீங்க?"

"அங்க போனா குழுத் தலைவர் பதவி சார். தினம் கூட்டம் போட்டுப் பேசணும். கணக்குன்னா பொழுதுக்கும் உட்காருவேன். நாலு பேர் முன்னாடி வாயைத் திறன்னா எனக்குக் கை கால் உதறும். இதை வீட்ல எப்படிச் சொல்றது? வெளிநாடு வெளிநாடுன்னு அவ கோட்டை கட்டி வச்சிருக்கா. என்னால வந்த வினைன்னா நொந்து போயிடுவா. ஆபீஸ் தரலைன்னா ஆசை தீரத் திட்டிட்டு விட்டுடுவா."

கொண்டே வராத குடையைத் தேடாமலே அவர் ஓடிவிட்டார்.

உதவி மேலாளர் எழுதியதை அழித்தார். மனுஷன் என்னவோ உண்மையாகவே வெட்கப்பட்டார். ஆனால் அடுத்த நிமிஷமே அடுத்த வழக்கை எடுத்துவிட்டார்.

"உங்களைத் தப்பா நினைச்சுட்டேன் மேடம், மன்னிச்சுக்கோங்க. ஆனா அந்தம்மா என்ன பாவம் பண்ணினாங்க? கட்டின புருஷனே ஏமாத்தறார், நாம அதுக்கு உடந்தை. நானே போய் உண்மையைச் சொல்லிடறேன்."

முதல்முறையாக மேடத்தின் முகம் மாறியது. "வேணாம் சார். ஒருத்தர் நம்மகிட்ட சொன்னதை இன்னொருத்தர் காதுல போடக் கூடாது. அவங்க புருஷன் பொண்டாட்டியாவே இருந்தாலும். அப்புறம் எவன் சார் நம்மளை நம்பி இந்த ரூமுக்கு வருவான்?"

"குடும்பத்துல இப்படி ஒரு பொய் இருக்கலாமா?"

பதிலுக்குக் காத்திருக்கவில்லை. லிஃப்டுக்கும் காத்திருக்கவில்லை. படிகளில் தடதடவென்று இறங்கினார்.

வாசலில் அந்த அம்மாள் மட்டும் நின்றிருந்தாள்.

"அம்மா, உங்ககிட்ட ஒரு விஷயம் சொல்லணும்."

"நீங்க மேடம் ரூம்ல இருந்தவர்தானே சார்? முதல்ல நான் சொல்லிடறேன். அவர் வண்டி எடுக்கப் போயிருக்கார், வந்துடுவார்." ஒரு தளத்தையே அதிர வைத்த குரல் இப்போது பக்கத்தில் நிற்பவருக்கே சரியாகக் கேட்கவில்லை. "மேடம்கிட்ட நான் மன்னிப்பு கேட்டேன்னு சொல்லுங்க. போன்ல நான் அழுது கேட்டதுக்காகத்தான் அவங்க முடியாதுன்னே சொன்னாங்க. அவங்களையே அந்தத் திட்டு திட்டிட்டேன்."

"நீங்களா வேண்டாம்னீங்க?"

"எனக்குன்னு ஒரு தையல் கடை போட்டு, இப்பதான் சார் நாலு பேர் தேடி வர்றாங்க. அதை மூடிட்டுப் போக மனசு வரலை."

வண்டி வந்து நின்றது. அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்து, முகத்தில் கவலையை ஏற்றிக்கொண்டு, போகிற போக்கில் கிசுகிசுத்தாள்.

"அவர் காதுக்கு மட்டும் இது போயிடக் கூடாது சார். பாவம், வெளிநாடு போகணும்னு உசிரை விட்டுட்டு இருக்கார்."