மூன்றாவது கரண்டி

மூன்றாவது கரண்டிச் சோறும் புனிதாவின் தட்டில் விழுந்தது.

"சாப்பிடு புள்ள. இந்தக் குளிருக்கு வயிறு நெறஞ்சிருந்தாத்தான் தாங்கும்" என்றார் மாமியார் லூர்தம்மாள்.

அன்று காலையில்தான் கிளினிக்கில் டாக்டர் புனிதாவிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். இனிப்புநீர், அதாவது சர்க்கரை நோய், வருகிற நிலைமை, எடை குறைந்தே ஆக வேண்டும் என்று. புருஷன் மைக்கல் அதைத் தன் அம்மாவிடம் ஒன்று விடாமல் சொன்னான். லூர்தம்மாள் கவலையோடு கேட்டுக்கொண்டார். பிறகு கருவாட்டுக் குழம்பை எடுத்து வந்து இன்னும் கொஞ்சம் ஊற்றினார்.

தேயிலைத் தொழிற்சாலையில் புனிதாவோடு பாக்கெட் போடும் இராசம்மாவுக்கு இதைக் கேட்டதும் கோபம் வந்தது.

"இது பாசம் இல்ல லா. நீ எக்கேடு கெட்டாலும் வீட்டுல அவங்க கைதான் ஓங்கி இருக்கணும். வேணாம்னு சொல்லேன்."

அதுதான் புனிதாவால் முடியவில்லை. சின்ன வயதிலேயே தாயை இழந்து, கன்னியாஸ்திரிகள் நடத்திய இல்லத்தில் வளர்ந்தவள். வரிசையில் நின்று தட்டை நீட்டியே பழகியவள். அவளை உட்கார வைத்து, பக்கத்தில் நின்று பரிமாறிய முதல் ஆள் லூர்தம்மாள்தான். அந்தக் கையை எப்படித் தடுப்பது?

இராசம்மாதான் வழி சொன்னாள். சனிக்கிழமைகளில் ஈப்போவிலிருந்து சசிரேகா என்ற பெண் தங்கள் மலையூரான தானா ராத்தாவுக்கு வருகிறாராம். ஹிப்னோதெரபி என்ற மனவசியச் சிகிச்சை செய்து சாப்பாட்டுப் பழக்கத்தை மாற்ற உதவுகிறாராம்.

புனிதா போனாள். சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணை மூடி, மூச்சை மெதுவாக இழுத்து விடச் சொன்னார் சசிரேகா. பசி வயிற்றில் இருக்கிறதா மனதில் இருக்கிறதா என்று உள்ளே பார்க்கச் சொன்னார். புனிதாவுக்குப் பசியே தெரியவில்லை, கரண்டிதான் தெரிந்தது. கண்ணைத் திறந்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்.

சசிரேகா சிரித்தார். "பசிக்காம சாப்பிடறீங்க அக்கா. அதுக்கு வீட்டுல நீங்கதான் வாயத் தொறக்கணும்."

அன்று சாயங்காலம் இரண்டாவது கரண்டி வந்தபோது புனிதா வாயைத் திறந்தாள். வந்தது பொய்.

"அத்த, இன்னிக்கு நான் போய்ப் பாத்த மிஸ் என்னய வசியம் பண்ணிட்டாங்க. ஒரு கரண்டிக்கு மேல போட்டா தொண்டையில எறங்கவே மாட்டேங்குது."

கரண்டி அந்தரத்தில் நின்றது. லூர்தம்மாள் சிலுவை போட்டுக்கொண்டு, சோற்றைச் சட்டியிலேயே தட்டிவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு யாரும் அவளை வற்புறுத்தவில்லை. மாதங்கள் போகப் போகச் சட்டைகள் தொளதொளத்தன. ரத்தப் பரிசோதனையைப் பார்த்த டாக்டர், ஆபத்து தள்ளிப்போய்விட்டது என்று சொன்னார். எல்லாம் நல்லபடியாக நடந்தும், ஒவ்வொரு வேளையும் தட்டின் முன் உட்காரும்போது அந்தப் பொய் புனிதாவை உறுத்தியது.

ஒரு நாள் லூர்தம்மாள், தனக்கும் முட்டி வலிக்கிறது, எடை குறைய வேண்டும், அந்த மிஸ்ஸிடம் கூட்டிப்போ என்றார். புனிதாவுக்கு மறுக்க ஒரு காரணமும் கிடைக்கவில்லை.

சனிக்கிழமை மாமியார் உள்ளே போக, அவள் வெளியே காத்திருந்தாள். லூர்தம்மாள் வெளியே வந்து காரில் ஏறிக்கொண்டார்.

கியா பார்ம் சாலையில் ஸ்ட்ராபெரி வாங்க வந்தவர்களின் கார்கள் அடைத்துக்கொண்டு நின்றன. புனிதாவும் காரை நிறுத்த வேண்டியதாயிற்று. அப்போதுதான் அவர் பேசினார்.

"அந்தப் பொண்ணு வெவரமா சொல்லிருச்சி. இதுல யாரையும் வசியம் பண்ண முடியாதாம். நம்ம நெனப்பு நம்மகிட்டதான் இருக்குமாம்."

புனிதா ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே தலைகுனிந்தாள். "மன்னிச்சிருங்க அத்த. ஒங்க மொகத்தப் பாத்து வேணாம்னு சொல்ல முடியல. அதான் பொய் சொன்னேன்."

வசவு வரும் என்று காத்திருந்தாள். வந்தது ஒரு நீண்ட பெருமூச்சு.

"இல்லத்துல வளந்த புள்ள, பசிச்சாலும் வாய் விட்டுக் கேக்காதுன்னு கல்யாணத்தப்பவே சிஸ்டர் சொன்னாங்க. நீயும் வச்சதெல்லாம் தொடச்சித் தொடச்சிச் சாப்பிட்ட. இன்னும் பத்தலயோன்னு பயந்து பயந்தே போட்டேன். டாக்டர் சொன்ன பெறகும் காலித் தட்டப் பாத்தா கை நிக்கல."

புனிதாவின் கண் நிறைந்தது. நெஞ்சில் இத்தனை நாள் அடைத்துக்கொண்டிருந்தது கரைந்து இறங்கியதுபோல் இருந்தது. முன்னால் நின்ற கார்கள் மெல்ல நகர ஆரம்பித்தன.

லூர்தம்மாள் முட்டியைத் தடவிக்கொண்டே சிரித்தார்.

"இந்தக் காலோட அடுப்படியில நின்னு அவ்வளவு வடிச்சிக் கொட்ட எனக்கு மட்டும் ஆசையா? ஒரே ஒரு நாளு ஒரு வாய் சோத்த மிச்சம் வச்சிருந்தீன்னா, அன்னிக்கே நான் சின்னச் சட்டிக்கு மாறியிருப்பேன் புள்ள."