தலைகீழ் மாங்காய்

ஆபீசில் கழித்துப்போட்ட கம்ப்யூட்டர் ஸ்டோரேஜ் பெட்டியில் லினக்ஸ் ஏற்றி மனைவி காயத்ரிக்குக் கொடுத்திருந்தான் ஜெயக்குமார். அவள் போடும் புடவை டிசைன்கள் அதிலிருந்துதான் நெசவாளர் பஞ்சாட்சரத்தின் தறிக்குப் போகும்.

அவள் இறந்து, காரியமும் முடிந்து பத்து நாளாகிறது. பாதியில் விட்ட டிசைன் பெட்டிக்குள் இருந்தது. பெட்டியோ ஐந்து நாளாக எழவில்லை. கேபிளை மாற்றினான், பென்டிரைவில் பூட் செய்து பார்த்தான். டிஸ்க் இல்லை என்ற ஒரே வரியில் வந்து நின்றது. இரண்டு டிஸ்க்கையும் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு பஞ்சாட்சரத்துக்குப் போன் செய்தான்.

"மாமா, டிசைன் வர லேட்டாகும். பெட்டி பூட் ஆகல."

"இன்னாப்பா சொல்ற? நாலு நாளா வந்துக்கினுதான இருக்குது. இன்னிக்கு முந்தானையும் வந்துச்சே. நீதான அனுப்புற?"

முந்தானையைக் காயத்ரி வரையவே இல்லை.

"அதுல ஒரு மாங்கா தலைகீழா இருக்குதா மாமா?"

"இருக்குது. கண்ணு படாம இருக்க அந்தப் பொண்ணு எப்பவும் வைக்கிறதுதான? நாளைலேர்ந்து அடுத்த பொடவைன்னு அதுலயே போட்டிருக்குதே. பெட்டி எப்பப்பா ரெடியாவும்?"

ஜெயக்குமார் மேஜைமேல் இருந்த டிஸ்க்குகளைப் பார்த்தான்.

"ரெடி பண்ணப் போறதில்ல மாமா" என்றான்.

ஸ்க்ரூடிரைவரை டிராயருக்குள் போட்டு மூடினான்.