அலமாரிக்குள் வைஃபை

"யாராவது வைஃபை பெட்டியைத் துணி அலமாரிக்குள்ள வைப்பாங்களா சார்?"

இன்டர்நெட் கம்பெனியிலிருந்து வந்தவர் அலமாரிக் கதவைத் திறந்துவிட்டு அப்படியே நின்றார்.

ஸ்டோர்கீப்பருக்கும் சேர்த்துப் பேச மனைவி இருந்தாள்.

"நல்லாக் கேளுங்க. சமையலறையில நின்னு எங்க அக்காகிட்ட பேசினா பாதி வார்த்தை வருது, பாதி வரல. அவ அழறாளா சிரிக்கிறாளான்னே தெரியல."

ஓய்வு பெற்ற பிறகும் வீட்டில் அவருக்கு ஸ்டோர்கீப்பர் என்றுதான் பெயர். தொழிற்சாலைக் கிடங்கில் ஒரு திருகாணி இடம் மாறியிருந்தாலும் தூக்கம் வராத மனிதர். வீட்டோடு ஆனதும் கை சும்மா இருக்குமா? தன் சட்டைகளை எல்லாம் கொடிக்கு விரட்டிவிட்டு, அலமாரியில் பாதியை மின்சாமான்களுக்கு ஒதுக்கிவிட்டார்.

மேல்தட்டில் பழைய கேமரா, ஓடாத ரேடியோ, உயிர்விட்ட செல்போன்கள். நடுத்தட்டில் சார்ஜர்கள். பழைய போர்வையைக் கிழித்து நாடாவாக்கி ஒவ்வொரு வயரையும் சுற்றிக் கட்டியிருந்தார். எதனுடையது என்றே தெரியாத சார்ஜர்களுக்குத் தனியாக ஒரு பெட்டி. மனைவி அதற்கு அநாதை ஆசிரமம் என்று பெயர் வைத்திருந்தாள்.

கீழ்த்தட்டில், பின்பலகையில் துளை போட்டு வயர் இழுத்து, வைஃபை பெட்டி. அதன் முன்னால் தகர டப்பாக்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தார்.

ஹாலில் வயர் தொங்கினால் அசிங்கமாக இருக்கிறது என்று வீட்டில் காரணம் சொல்லியிருந்தார். அது பொய்.

புகுந்த வீடு ஒத்துவராமல் மகள் திரும்பி வந்த அன்று, வாசலில் அவள் பெட்டிகளை வாங்கி உள்ளே வைத்தார். அதற்குமேல் என்ன பேசுவது என்று அவருக்குத் தெரியவில்லை. அவளும் பேசவில்லை. வேலைக்குப் போனாள், வந்தாள், தட்டில் போட்டதைச் சாப்பிட்டாள், அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அந்தக் கதவைத் தட்ட அவருக்குத் தைரியம் வரவில்லை. பெற்ற மகளின் அறை பக்கத்து வீடு மாதிரி ஆகிப்போனது.

அப்போதுதான் இந்த யோசனை வந்தது. ஹாலில் இருந்த பெட்டியைத் தூக்கித் தன் அறை அலமாரிக்குள் வைத்துவிட்டார்.

மறுநாளே பலித்தது. லேப்டாப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மகள் வந்து நின்றாள். தன் அறையில் சிக்னலே வரவில்லை என்றாள்.

அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் அலமாரியில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்காருவாள். அவர் எதிரே உட்கார்ந்து வயர் சுற்றுவார். முதலில் பேச்சே இல்லை. பிறகு, இது எந்தச் சார்ஜர் என்று கேட்டாள். ஒருநாள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே, அந்த வீட்டில் தனக்கு நடந்ததைச் சொல்ல ஆரம்பித்தாள். தினம் கொஞ்சம் கொஞ்சமாக. அவர் குறுக்கே பேசாமல் கேட்டபடி, சுற்றிய வயரையே மறுபடி பிரித்துச் சுற்றினார்.

அந்தச் சாயங்காலத்துக்குத்தான் இன்று ஆபத்து வந்திருந்தது.

வந்தவர் செல்போனைக் கையில் பிடித்து அறை அறையாகச் சிக்னல் பார்த்தார். சமையலறையில் உதட்டைப் பிதுக்கினார். ஹாலில் தலையை ஆட்டினார். மகளின் அறைப் பக்கம் திரும்பியபோது ஸ்டோர்கீப்பர் குறுக்கே போய் நின்றார்.

"அங்க பார்க்கவே வேணாம். சுத்தமா வராது."

"வந்ததுக்கு அதையும் பார்த்துடறேன் சார்" என்று உள்ளே போனவர் சிரித்துவிட்டார்.

"இங்க ஃபுல்லா வருது. உங்க அலமாரி இந்தச் சுவத்துக்கு அந்தப் பக்கம்தானே இருக்கு? முன்னாடிதான் டப்பா அடைக்குது, பின்னாடி வெறும் பலகை. வீட்டுக்கே இந்த ரூம்லதான் சார் நல்லா வருது. பெட்டியை அங்க வெச்ச நாள்லேர்ந்தே வந்திருக்கும்."

எந்தச் சுவருக்குப் பின்னால் எந்தச் சாமான் என்று கிடங்கில் கண்ணை மூடிக்கொண்டு சொன்னவர், சொந்த வீட்டில் கோட்டை விட்டிருந்தார்.

மனைவி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவர் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டாள்.

அவருக்குச் சந்தோஷம்தான். ஜன்னல் கம்பியில் துரு இருக்கிறதா என்று பார்ப்பதுபோல் திரும்பி நின்றுகொண்டார்.

"அப்போ பெட்டியை ஹாலுக்கே மாத்திடலாமா சார்?"

இனி எந்தச் சாக்கைச் சொல்லிக்கொண்டு வருவாள் என்று மனது அடித்துக்கொண்டது. இருந்தாலும் மாற்றச் சொன்னார்.

சாயங்காலம் கேட் திறக்கும் சத்தம் கேட்டது. ஹாலில், உள்ளே நுழைந்ததும் கண்ணில் படுகிற இடத்தில், வைஃபை பெட்டி பச்சை விளக்கைச் சிமிட்டிக்கொண்டிருந்தது.

ஸ்டோர்கீப்பர் அவசரமாக அலமாரியைத் திறந்து அநாதை ஆசிரமத்தை இறக்கினார். நாடாக்களை ஒவ்வொன்றாக உருவினார். அத்தனை வயரையும் தரையில் கொட்டி, இரண்டு கையாலும் நன்றாகப் பிசைந்துவிட்டார்.

மகள் லேப்டாப்போடு அறை வாசலில் வந்து நின்றாள்.

"என் ரூம்ல சிக்னலே வரலப்பா."

"இங்க இந்த வயரெல்லாம் எப்படியோ சிக்கிக்கிச்சும்மா" என்றார்.

அவள் லேப்டாப்பைத் திறக்காமலே ஓரமாக வைத்துவிட்டு, அலமாரியில் சாய்ந்து உட்கார்ந்து, ஒரு நுனியைத் தேடிப் பிடித்தாள்.