சமையல் சாமான், ஒன்று

“மாவரைக்கிற கல்லு எங்கம்மா?”

சுங்க அதிகாரி கேலி செய்யவில்லை. கையிலிருந்த தாளைப் பார்த்துத்தான் கேட்டார்.

அவள் அதை வாங்கிப் பார்த்தாள்.

சரக்கு: வெட் கிரைண்டர். எண்ணிக்கை: ஒன்று. வகைப்பாட்டு எண்: 8509.

வீட்டுச் சமையல் சாதனங்களுக்கான எண் அது.

துறைமுகக் கிடங்கின் நடுவில், பலகை பிரித்த பெட்டிக்குள், அவளுடைய இயந்திரம் நின்றிருந்தது. இரண்டே கால் டன். இரும்பைத் தேய்த்துச் சமதளமாக்குவது. ஒரு தலைமயிரை முப்பதாகக் கிழித்தால் ஒரு கீற்று எவ்வளவோ, அதற்கு மேல் மேடு பள்ளம் விடாது.

அதன் அடித்தளத்தை அவள்தான் பதினோரு நாள் கையால் சுரண்டிச் சமன்செய்தாள். நீல மை தடவி, மேடு தெரிந்த இடத்தைச் சுரண்டி, மறுபடி மை தடவி. வலது தோள் இன்னும் முழுதாக உயரவில்லை.

சமையல் சாமான்.

காது மடல்கள் சுட்டன.

தாள்களைத் தயாரித்த ஏற்றுமதி முகவர் எட்வின் பக்கத்தில் நின்றிருந்தார். அவர் பக்கம் திரும்பினாள்.

அரை மணி நேரம்.

படத்தைப் பார்த்தீரா, எடையைப் பார்த்தீரா என்று கேட்டாள். கோயம்புத்தூரிலிருந்து ஒரு பெண் கிரைண்டர் அனுப்பினால் அது இட்லி மாவுக்குத்தானா என்று கேட்டாள். இது மொம்பாசா துறைமுகத்தில் சமையல் சாமானாக இறங்கினால், பொய்ச் சரக்கு என்று பிடித்து வைப்பார்களே, வாங்குகிறவர் என்ன ஆவார் என்று கேட்டாள். சுமை தூக்குகிறவர்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

எட்வின் கையிலிருந்த போனைப் பைக்குள் வைத்தார்.

அதிகாரி பொறுமையாகவே சொன்னார். தாளில் இருப்பது வேறு, பெட்டியில் இருப்பது வேறு. இப்படியே அனுப்ப முடியாது. இரும்பைத் தேய்க்கும் இயந்திரம் என்றால் 8460. திருத்தத்துக்கு மனு கொடுக்க வேண்டும். இயந்திரம் தெரிந்தவர் யாராவது விளக்கம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும்.

இரண்டு நாள் ஆகும்.

கப்பல் நான்கு மணிக்கு. அடுத்தது ஒன்பது நாள் கழித்து.

அவளுடைய முதல் ஏற்றுமதி.

மொம்பாசாவுக்குப் பேசினாள். நடந்ததை மறைக்காமல் சொன்னாள். பொய்த் தாளோடு வருவதைவிட ஒன்பது நாள் தாமதித்து வரட்டும் என்றார் வாங்குகிறவர்.

கோபம் அதனால் அடங்கவில்லை. எட்வினைத் தேடிப் போனாள்.

கிடங்குக்கு வெளியே, ஆள் இல்லாத பக்கம் நின்றிருந்தார். அவள் வாயைத் திறக்குமுன் தன் போனை நீட்டினார்.

மூன்று வாரத்துக்கு முந்தைய மின்னஞ்சல். அவள் அலுவலகத்துக்கு எட்வின் அனுப்பியது. சார், இது மெட்டல் கிரைண்டிங் மெஷின், 8460இல் வரும், அப்படியே போடட்டுமா?

பதில் அவள் கணவன் சம்பத்திடமிருந்து.

பழைய நம்பரே போடுங்க. கிரைண்டர்னா கிரைண்டர்தானே.

எட்வின் விடவில்லை. மறுநாள் படத்தோடு இன்னொரு முறை கேட்டிருந்தார்.

அதற்கும் பதில் இருந்தது.

வீட்ல அவ ஆசைக்குச் செஞ்ச மெஷினுங்க. ரொம்ப யோசிக்காதீங்க.

அவள் இரண்டாவது தடவை படித்தாள்.

மாமனார் வைத்திருந்தது மாவு கிரைண்டர் கம்பெனி; பழைய நம்பர் அந்தக் காலத்தது. மூடும் நிலைக்கு வந்தபோது அவள் உள்ளே போனாள். ஒன்பது வருடமாக அங்கே மாவு கிரைண்டர் செய்வதில்லை. பதினெட்டுக் குடும்பங்கள் இந்த இயந்திரங்களால்தான் சாப்பிடுகின்றன. அலுவலக அறையில் உட்கார்ந்து மின்னஞ்சல் பார்ப்பது மட்டும் சம்பத்.

ஆசைக்கு.

இதை ஏன் முதலிலேயே காட்டவில்லை என்று எட்வினைக் கேட்டாள்.

“அத்தன பேரு முன்னாடி எப்படி மேடம் காட்டுவேன்?”

அவள் அவரிடம் மன்னிப்புக் கேட்டாள். அரை மணி நேரம் தடையில்லாமல் பேசிய வாய்க்கு அந்த ஒரு வார்த்தை கனமாக இருந்தது.

சம்பத் கூப்பிட்டான். ஏற்றியாயிற்றா என்று கேட்டான். இல்லை என்றாள். காரணம் சொன்னாள். அவன் சிரித்தான். இதற்குப் போய்க் கப்பலை விடுவார்களா என்றான்.

“நீ எதுக்கு அங்க நின்னு வாதாடிட்டு இருக்க? போன எட்வின்கிட்டக் குடு. நான் பேசிக்கறேன்.”

எட்வின் எதிரிலேயே நின்றிருந்தார்.

அவள் போனை அணைத்தாள்.

சுங்க அலுவலகத்தின் மேசை ஒன்றில் உட்கார்ந்து விளக்கத்தைக் கையாலேயே எழுதினாள். சக்கரம் எந்தப் பக்கம் சுழலும், மேசை எப்படி நகரும், எந்த இரும்பை எவ்வளவு தேய்க்கும். உணவுப் பொருள் எதையும் அரைக்காது. எண் 8460. எழுத்து தாளின் மறுபக்கம் தடம் பதிக்கும் அளவுக்கு அழுந்தியிருந்தது.

கடைசி வரி: இந்த இயந்திரத்தை வடிவமைத்தவர்.

அதன் கீழே கையெழுத்துப் போட்டாள்.

கோ. வசுந்தரா.

டிப்ளமோ சான்றிதழில் இருக்கும் பெயர். அப்பாவின் எழுத்து. கல்யாணமாகி இருபத்திரண்டு வருடமாக அதை எங்கும் எழுதியதில்லை.

தாளை வாங்கிய எட்வின் சரிபார்த்தார். தயங்கினார்.

“மத்த பேப்பர்ல எல்லாம் ச. வசுந்தரான்னு இருக்கே மேடம்.”

அவள் பேனாவை மூடினாள்.

“அதையுந் திருத்தோணும். எத்தன நாளாகும்?”